முயல் முழங்காலில் வைத்த ஸ்டெம் செல்லை எம்.ஆர்.ஐ.யில் பின்தொடர: இரும்பு எவ்வளவு, ஸ்கேன் எப்படி?

பொள்ளாச்சி_திசு (கேள்வி):

வணக்கங்க. முயலின் முழங்கால் குருத்தெலும்பில் 4 மி.மீ. விட்டத்தில் குழி எடுத்து, எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த மெசன்கைமல் ஸ்டெம் செல்லை (எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு செல்லா மாறக்கூடியது) ஃபைப்ரின் பசையோடு (ரத்தம் உறையற புரதத்துல ஆன பசை) வைக்கிறதாகத் திட்டம். செல் வெச்ச இடத்துல நிக்குதா, மூட்டுக்குள்ள கசிஞ்சு போகுதான்னு 6 வாரம் வரைக்கும் எம்.ஆர்.ஐ.யில பாக்கணும். செல் வளர்ப்பு கோவையில, அறுவை நாமக்கல்ல. ஸ்கேன் மனுசங்களுக்கான 3 டெஸ்லா மெஷின்ல, நோயாளிகள் முடிஞ்ச பொறகு ராத்திரியில. விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி இருக்குதுங்க.

செல் ஸ்கேன்ல கறுப்பாத் தெரிய அதுக்குள்ள இரும்பு ஏத்தணும். அதுக்கான ஃபெருமாக்ஸிடால்ங்கற இரும்பு மருந்தை செல் வளர்ப்பு மீடியத்துல நேரா கலந்தா செல் எடுத்துக்கவே மாட்டேங்குது. ஹெப்பாரின், புரோட்டமின் சேர்க்கணும்ங்கறாங்க. சரியான அளவு என்னங்க? மருந்துக்கடையில சுலபமா கிடைக்கற அயர்ன் சுக்ரோஸ் அதுக்குப் பதிலா ஆகுமா? ஸ்கேன்ல எந்த சீக்வென்ஸ் (படம் எடுக்கற முறை) போடச் சொல்றது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோவை_செல்வளர்ப்பு:

அயர்ன் சுக்ரோஸ் ஆகாதுங்க. பாட்டிலில் பார்க்க ஒரே மாதிரி கரும்பழுப்பாக இருந்தாலும், ஃபெருமாக்ஸிடால் சூப்பர்பாராமேக்னடிக் இரும்பு ஆக்சைடு துகள். சுக்ரோஸில் இருப்பது இரும்பு ஹைட்ராக்சைடு கூட்டு, அதன் காந்தத்தன்மை மிகக் குறைவு. இரும்பை நீலமாகக் காட்டும் பிரஷ்ஷியன் ப்ளூ சாயத்தில் அதுவும் நீலமாகத்தான் வரும், அதனால் லேபிள் (இரும்பு அடையாளம்) ஏறிவிட்டது என்று நம்பிவிடுவீர்கள். ஸ்கேனில் கைவிட்டுவிடும்.

ஃபெருமாக்ஸிடால் மேலுறைக்கு எதிர்மின் தன்மை. செல் சவ்வுக்கும் அதுவே. ஆகவே மேக்ரோஃபேஜ் (கழிவை விழுங்கும் எதிர்ப்பு செல்) அல்லாத செல் அதை விழுங்காது. புரோட்டமின் நேர்மின், ஹெப்பாரின் எதிர்மின். மூன்றும் சேர்ந்து சிறு முடிச்சுகளானால்தான் செல் உள்ளே இழுத்துக்கொள்ளும். 2012இல் நேச்சர் மெடிசினில் வந்த முறை இது.

10 மி.லி. கணக்குச் சொல்கிறேன். ஃபெருமாக்ஸிடால் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் வேண்டும், பாட்டிலில் மி.லி.க்கு 30 மி.கி. இருப்பதால் சுமார் 17 மைக்ரோலிட்டர். ஹெப்பாரின் மி.லி.க்கு 2 யூனிட், அதாவது மி.லி.க்கு 1000 யூனிட் பாட்டிலிலிருந்து 20 மைக்ரோலிட்டர். பிரிசர்வேட்டிவ் இல்லாததாக வாங்குங்க. புரோட்டமின் மி.லி.க்கு 60 மைக்ரோகிராம், மி.லி.க்கு 10 மி.கி. ஆம்பூலிலிருந்து 60 மைக்ரோலிட்டர். சீரம் இல்லாத மீடியம் 5 மி.லி. ஒரு குழாயில் எடுத்து ஹெப்பாரினும் ஃபெருமாக்ஸிடாலும். இன்னொரு 5 மி.லி.யில் புரோட்டமின் மட்டும். தனித்தனியாக நன்றாகக் குலுக்கிய பிறகு ஒன்றாகச் சேருங்க. மூன்றையும் அடர்த்தியாக ஒட்டுக்கா ஊற்றினால் கண்ணுக்கே தெரியும் கட்டி விழும். அந்தக் கட்டி செல்லுக்கு வெளியே ஒட்டிக்கொண்டு, கழுவினாலும் போகாது.

செல் 70–80 சதவீதம் பரவிய தட்டில் இந்தக் கலவையை 4 மணி நேரம் வைங்க. சீரம் இருந்தால் அதன் புரதம் முடிச்சில் ஒட்டி எல்லாம் வீண். 4 மணி முடிந்ததும் 20 சதவீத சீரம் உள்ள மீடியத்தைச் சம அளவு சேர்த்து ராத்திரி முழுக்க விடுங்க. காலையில் மி.லி.க்கு 10 யூனிட் ஹெப்பாரின் கலந்த பி.பி.எஸ்.சில் (பஃபர் உப்புக் கரைசல்) ஒரு முறை, வெறும் பி.பி.எஸ்.சில் இரண்டு முறை கழுவுங்க. ஹெப்பாரின் கழுவல் முக்கியம், மேலே ஒட்டியதை அதுதான் பிரித்தெடுக்கும்.

பிரஷ்ஷியன் ப்ளூவுக்கு 2 சதவீத பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடும் 2 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சம அளவு, அப்போதே கலந்து, 20–30 நிமிடம். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு தண்ணீர் வேண்டாம். நம்ம ஊர் போர் தண்ணியில் இரும்பு இருந்தால் தேவையில்லாத நீலம் வரும். நிறம் மட்டும் போதாது, செல்லுக்கு எத்தனை பிகோகிராம் (கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) இரும்பு என்று அளக்கணும். 10 லட்சம் செல்லை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து 5 மி.லி. ஆக்குங்க. செல்லுக்கு 10 பிகோகிராம் ஏறியிருந்தால் லிட்டருக்கு 2 மி.கி. வரும். மண்ணில் இரும்பு, துத்தநாகம் பார்க்க வேளாண் ஆய்வகங்களில் வைத்திருக்கும் அட்டாமிக் அப்சார்ப்ஷன் மெஷினே இதைப் படிக்கும். கண்ணாடிக் குழாய் தவிர்த்து, அமிலத்தில் ஊறிய பிளாஸ்டிக் குழாய் எடுங்க.

நாமக்கல்லுக்கு ரோட்டில் கொண்டுபோகும்போது 4–8 டிகிரி பெட்டி. ஜெல் பேக் குழாயைத் தொடக்கூடாது. போய்ச் சேர்ந்ததும் டிரிப்பான் ப்ளூ (செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் சாயம்) பாருங்க. உயிருள்ள செல் 85 சதவீதத்துக்குக் கீழே போனால் அன்றைக்கு வைக்காதீங்க. செத்த செல்லின் இரும்பும் ஸ்கேனில் அதே கறுப்புதான்.

ஈரோடு_3டெஸ்லா:

மணிக்கட்டுக்கான காயிலில் (சிக்னல் வாங்கும் சுருள்) போடச் சொல்லுங்க, 3 கிலோ முயலின் முழங்கால் அதில் அடங்கும். பாடி காயிலில் போட்டால் சிக்னல் போதாது.

உடலமைப்புக்குப் புரோட்டான் டென்சிட்டி ஃபேட்-சாட் (கொழுப்பின் சிக்னலை அடக்கும் முறை). இரும்புக்கு 3டி மல்டி-எக்கோ கிரேடியன்ட் எக்கோ: 0.3 x 0.3 மி.மீ., ஸ்லைஸ் 0.8 மி.மீ., முதல் எக்கோ 2.3 மில்லிசெகண்ட், அப்புறம் 4.6, 6.9 என்று அதே இடைவெளியில். 3 டெஸ்லாவில் கொழுப்பும் நீரும் ஒத்த ஃபேஸில் வருவது அந்த நேரங்களில்தான். இல்லாவிட்டால் மஜ்ஜையின் ஓரமெல்லாம் கறுப்புக் கோடு விழுந்து, எது இரும்பு என்றே தெரியாது. எக்கோ நேரம் கூடக்கூடக் கறுப்பு பெருசாகிக்கொண்டே போகும். அதனால் கறுப்பின் பரப்பை அளந்து செல் எண்ணிக்கை சொல்லாதீங்க. ஆர்2 ஸ்டார் மேப் (சிக்னல் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று இடத்துக்கு இடம் காட்டும் படம்) எடுங்க.

இன்னொன்று, இரும்பு எச்சா ஏத்தாதீங்க. முயலின் குருத்தெலும்பே அரை மில்லிமீட்டர் சுற்றுத்தான். செல்லுக்கு 20–30 பிகோகிராம் போட்டால் கறுப்பு குழியைத் தாண்டிப் பரவி, குருத்தெலும்பு வளர்ந்ததா என்பதே தெரியாமல் போயிடும். 5–10 போதும். அல்லது ஐந்தில் ஒரு பங்கு லேபிள் செய்த செல், மீதி செய்யாத செல் என்று கலந்து வைங்க.

முயலுக்கு முன்னால் பேன்டம் (சோதனைக்கான மாதிரிக் குழாய்கள்) ஸ்கேன் பண்ணுங்க. 1 சதவீத அகரில் ஆயிரம், பத்தாயிரம், லட்சம், 10 லட்சம் செல் தனித்தனிக் குழாயில். அகரைக் காற்றுக்குமிழ் இல்லாமல் ஊத்தணும். குமிழும் அதே கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும். குழாய்களைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் முக்கி வைங்க. உங்க மெஷினில் எத்தனை செல் வரை தெரியும் என்பதை அது ஒன்றுதான் சொல்லும்.

காதில் உலோக டேக் இருந்தால் கழட்டிடுங்க. முழங்காலைப் பிளாஸ்டிக் பட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் கட்டுங்க. காந்தப்புலத்துக்குக் கால் திரும்பினால் கறுப்பின் வடிவமும் மாறும், செல் நகர்ந்துவிட்டதாகத் தோணும்.

நாமக்கல்_கால்நடை:

மேலே ரெண்டு பேரும் சொன்னது சரிங்க. ஆனால் ஒன்றை ஆரம்பத்திலேயே மனதில் வைக்கணும்: எம்.ஆர்.ஐ. காட்டுவது இரும்பை, செல்லை அல்ல. செல் செத்தால் இரும்பை மேக்ரோஃபேஜ் விழுங்கி அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆறாம் வாரத்தில் கறுப்பு அப்படியே இருக்குது, ஆகவே செல் பிழைத்திருக்குது என்று எழுதினால் அது தப்பான முடிவு. எதிர்ப்பக்கமும் உண்டு. செல் பிரிந்து பெருகினால் இரும்பு பங்காகிக் கறுப்பு மங்கும், செல் அங்கேயே இருக்கும்.

மூட்டு அறுவையில் கறுப்புக்கு வேறு காரணங்களும் நிறைய. டிரில் நுனியிலிருந்து உதிரும் உலோகத் துகள் கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேனில் பெரிய ஓட்டையாகத் தெரியும். ரத்தக்கசிவு ஹீமோசிடெரினாகி (ரத்தத்தின் இரும்புப் படிவு) வாரக்கணக்கில் நிற்கும். ஃபைப்ரினில் சிக்கிய காற்றும் உண்டு, அது சில நாளில் கரையும். ஃபேஸ் படத்தில் சுண்ணாம்புப் படிவை இரும்பிலிருந்து பிரிக்கலாம், காற்றைப் பிரிக்க முடியாது.

ஆகவே குழுக்களை இப்படி வைங்க. லேபிள் செய்த உயிர்ச்செல். லேபிள் செய்து, உறைய வைத்து உருக்குவதை மூன்று தடவை செய்து கொன்ற செல். லேபிள் இல்லாத செல். செல்லே இல்லாமல் குழியும் ஃபைப்ரினும் மட்டும். கொன்ற செல் குழுவை யாரும் விடக்கூடாது. உயிர்ச்செல் குழுவுக்கும் அதற்கும் ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றால், உங்க படம் உயிரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். குழி எடுத்து செல் வைக்கும் முன் ஒரு ஸ்கேன், வைத்த அன்றே ஒரு ஸ்கேன் கட்டாயம்.

ஆண் முயலின் செல்லைப் பெண் முயலுக்கு வைங்க. முடிவில் ஒய் குரோமோசோமைத் தேடினால், வைத்த செல் மிச்சமிருக்கிறதா என்பது நேராகத் தெரியும். திசுவெட்டில் பிரஷ்ஷியன் ப்ளூவோடு, முயல் மேக்ரோஃபேஜுக்கான ராம்11 ஆன்டிபாடியும் சேர்த்துப் போடுங்க. நீலமும் ராம்11உம் ஒரே செல்லில் விழுந்தால் அது நீங்க வைத்த செல் இல்லைங்க.

மயக்கத்துக்குக் கெட்டமின் கிலோவுக்கு 35 மி.கி., சைலசின் 5 மி.கி., தசையில். அரை மணியிலிருந்து முக்கால் மணி தாங்கும், அதுக்குள் ஸ்கேன் முடியணும். ஸ்கேன் அறை குளிரில் முயல் சீக்கிரம் சில்லிட்டுப் போகும். துணி சுற்றிய வெதுவெதுப்பான சலைன் பாட்டில்களைப் பக்கத்தில் அணைச்சு வைங்க.

பொள்ளாச்சி_திசு:

ரொம்ப நன்றிங்க. கொன்ற செல் குழு எங்க திட்டத்துல இல்லை, சேர்த்துடறோம். இன்னும் ரெண்டு சந்தேகம். இரும்பு ஏறினா செல் குருத்தெலும்பா மாறாதுன்னு படிச்சேன், நெசமுங்களா? இரும்புக்குப் பதிலா செல்லுல ஃபுளோரின் வெச்சுப் பாத்தா இந்தக் கறுப்புக் குழப்பமே இல்லைங்கறாங்களே?

கோவை_செல்வளர்ப்பு:

2004இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு ஃபெரிடெக்ஸ் (இன்னொரு இரும்பு ஆக்சைடு துகள்), அதை செல்லுக்குள் ஏற்ற பாலி-லைசின் சேர்த்து லேபிள் செய்தபோது கொழுப்பு, எலும்பு செல்லாக மாறுவது கெடவில்லை. குருத்தெலும்பாக மாறுவது தடைப்பட்டது. உங்க வேலையே குருத்தெலும்பு என்பதால், வேறொருவர் முடிவை நம்பாமல் உங்க இரும்பு அளவிலேயே சோதியுங்க: 2.5 லட்சம் செல் பெல்லட் (செல் உருண்டை), மி.லி.க்கு 10 நானோகிராம் டி.ஜி.எஃப். பீட்டா-3 (குருத்தெலும்பாக மாறத் தூண்டும் புரதம்), 21 நாள், முடிவில் குருத்தெலும்பைக் காட்டும் சாஃப்ரானின்-ஓ சாயம். லேபிள் இல்லாத பெல்லட் பக்கத்தில் இருக்கணும்.

ஈரோடு_3டெஸ்லா:

ஃபுளோரினில் அந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லைதான், உடம்பில் பின்னணி சிக்னல் கிடையாது; தெரிவதெல்லாம் நீங்க வைத்தது. ஆனால் 3 டெஸ்லாவில் அது 120 மெகாஹெர்ட்ஸ், ஹைட்ரஜனுக்கு 128 கிட்ட. தனி காயிலும், அந்த அலைவரிசையில் வேலை செய்யும் ஆம்ப்ளிஃபையரும் வேணும். நோயாளிகளுக்காக வாங்கிய மெஷினில் வழக்கமாக இருக்காது. உணர்திறனும் குறைவு: 2014இல் வெளியான முதல் மனிதச் சோதனையில் தெரிந்தது ஒரு கோடி செல் போட்டவர்களுக்கு. செத்த செல்லின் ஃபுளோரினையும் மேக்ரோஃபேஜ் எடுத்துக்கும், அந்தச் சிக்கல் தீராது.

இரும்பு லேபிள் எதில் உறுதியாகக் கைகொடுக்கும் என்றால், செல் சரியான இடத்தில் இறங்கியதா என்பதில். 2005இல் நெதர்லாந்தின் நைமேகன் குழு மெலனோமா (தோல் புற்றுநோய்) நோயாளிகளுக்கு டென்ட்ரிடிக் செல்லை (நோயெதிர்ப்பு செல்) நிணநீர் முடிச்சில் ஊசியால் போட்டது. அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்டும் எட்டில் நாலு பேருக்கு முடிச்சில் இறங்கவில்லை என்பது எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது. உங்க முதல் நாள் ஸ்கேனுக்கும் அந்த முக்கியத்துவம் இருக்குதுங்க. ஃபைப்ரின் பிடிக்காமல் செல் மூட்டுக்குள் கசிந்திருந்தால் அன்றைக்கே தெரியும், அந்த முயலைத் தனியாகக் குறித்து வைங்க.