பேரிங் சீட்டில் பஞ்ச் அடிப்பது ரிப்பேரா? (பழைய புல்லட் 350 இன்ஜின்)

காஸ்ட்அயர்ன்84:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: கிராங்க் கேஸில் (கிராங்க் சுற்றும் அலுமினியக் கூடு) மெயின் பேரிங் லூஸாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது உட்காரும் குழியை, அதாவது சீட்டை, சுற்றி சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் நாற்பது புள்ளி அடித்தால் ஓரம் மேடாகி இறுகிவிடும் என்று. கீழே வரிசையாக "சூப்பர் அண்ணா". படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இதே யோசனையால்தான் என் 1984 புல்லட்டின் கேஸ் போனது.

போன மாதம் இன்ஜினைப் பிரித்தேன். மெயின் பேரிங்கின் (6305 சைஸ்) வெளி வளையம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. சுற்றக் கூடாத வளையம் கேஸுக்குள் சுற்றியிருக்கிறது. சீட்டில் பழைய பஞ்ச் புள்ளிகளின் மேடெல்லாம் தேய்ந்து, அம்மைத் தழும்பு மாதிரி குழி மட்டும் மிச்சம். அடியில் ஆயில் சாம்பல் நிறச் சேறாக நின்றது. விரலில் தேய்த்தால் அலுமினியத் தூள். பஞ்ச் அடிப்பது ரிப்பேர் இல்லை. சீட்டை லேத்தில் போர் செய்து, அதாவது கடைந்து பெரிதாக்கி, உள்ளே ஸ்லீவ் என்ற இரும்பு வளையம் போடுங்கள்.

பட்டறை_மணி:
நேற்று எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், தம்பி. 31 வருஷமாக புல்லட் மட்டும்தான் பார்க்கிறேன். நான் பஞ்ச் அடித்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. உங்கள் கேஸில் அடித்தவனுக்கு அடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

காஸ்ட்அயர்ன்84:
அடிக்கத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கணக்கு ஒன்றுதான் சார். பேரிங்கின் வெளிவிட்டம் 62 மி.மீ. இன்ஜின் சூடேறி 80 டிகிரி கூடினால் அலுமினிய சீட்டு சுமார் 0.11 மி.மீ. விரியும், பேரிங் 0.06தான் விரியும். 0.05 மி.மீ. இடைவெளி தானாக விழுகிறது. நல்ல கேஸில் முழுச் சுற்றும் இறுகப் பிடிப்பதால் அது தாங்கும். பஞ்ச் அடித்த சீட்டில் நாற்பது ஊசிமுனைதான் பிடிக்கிறது. பிஸ்டன் 90 மி.மீ. ஏறி இறங்கும் (ஸ்ட்ரோக்) ஒற்றை சிலிண்டர் ஒவ்வொரு பவர் ஸ்ட்ரோக்கிலும் அந்த முனைகளைத்தான் நசுக்கும்.

கோவை_லேத்:
ஸ்லீவ் ஸ்லீவ்ங்கறீங்களே, இரும்பு ஸ்லீவும் அலுமினியக் கேஸுக்குள்ளதானே உட்காருது? சூட்டுல அது மட்டும் கழலாதுங்களா?

காஸ்ட்அயர்ன்84:
நல்ல கேள்விங்க. வெளிவிட்டம் 66 மி.மீ. உள்ள ஸ்லீவுக்கு அதே சூட்டில் 0.06 இடைவெளி விழும். அதனால் 0.10 இறுக்கம் வைக்க வேண்டும், அதாவது ஸ்லீவ் ஓட்டையைவிட அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். கேஸை அடுப்பில் 150 டிகிரி வரை சூடாக்கி, ஸ்லீவை ஃப்ரீசரில் வைத்து இறக்கினால் சுத்தியலே தேவையில்லை. அப்புறம் பேரிங் உட்காருவது இரும்புக்குள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு விரியும், எனவே பேரிங் லூஸாகாது. பஞ்சில் இது கிடைக்குமா?

பட்டறை_மணி:
போர் செய்யும்போது ஓட்டையின் சென்டர் ஒரு மயிரிழை நகர்ந்தால் கேஸே குப்பை. அதைச் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே? லேத்தில் கெட்டுப் போய் என்னிடம் அழுதுகொண்டு வந்த கேஸ்கள் எத்தனை தெரியுமா? பஞ்ச் அடித்துக் கெட்ட கேஸைக் கூடக் காப்பாற்றலாம். சென்டர் போன கேஸை யாராலும் முடியாது.

கோவை_லேத்:
கேஸோட ரெண்டு பாதியையும் டவல் பின்னோட (நகராம நிறுத்துற பின்) சேர்த்து போல்ட் போட்டு, டயல் கேஜ் வெச்சு சென்டர் பாத்துட்டு போர் பண்ணினா சென்டர் ஏனுங்க நகருது? எங்க ஊர் லேத்த மட்டம் தட்டாதீங்க. சென்னையில கத்துக்கிட்டவங்களுக்கு எல்லாமே சுத்தியல்தான்.

வடசென்னை_புல்லட்:
சென்னையை ஏன் இழுக்கிறீர்கள்? 1955ல் இந்த வண்டி இந்தியாவில் பிறந்ததே மெட்ராஸில்தான். என் மாமா திருவொற்றியூர் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். உங்கள் ஊர் லேத்துகள் அப்போது மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தன.

கோவை_லேத்:
55ல உங்க ஊர்ல பண்ணினது அசெம்பிளி. பார்ட்ஸ் இங்கிலாந்து ரெட்டிச்சுல இருந்து கப்பல்ல வந்துச்சு. மாமாகிட்டக் கேளுங்க.

நெல்லை_ரைடர்:
அண்ணன்மார்களே, என் கேஸிலும் சீட்டு லூஸ்தான். கையால் தள்ளினாலே பேரிங் இறங்குகிறது. புதுக் கேஸ் வாங்கிவிடலாமா?

ஆர்சி_கவனம்:
வாங்காதீர்கள். இன்ஜின் நம்பர் அடித்திருப்பது அந்தக் கேஸில்தான். மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தோடு நம்பர் ஒத்துப்போகாது, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடக்க வேண்டும். பழைய கேஸைக் காப்பாற்றப் பாருங்கள்.

காஸ்ட்அயர்ன்84:
அதனால்தான் சொல்கிறேன்! திரும்பக் கிடைக்காத பொருள் அது. அதில் பஞ்ச் அடிக்க எப்படி மனசு வருகிறது? இன்னொன்று. இந்த இன்ஜினில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருப்பது ஃப்ளோட்டிங் புஷ். ஆயில் படலத்தில் மிதக்கிற உலோக வளையம். சீட்டு தேய்ந்த தூள் அந்த ஆயிலில் கலந்தால் முதலில் சாவது அதுதான். எனக்கு அதுவும் போனது.

பட்டறை_மணி:
அதற்குத்தான் புஷ்ஷைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் பேரிங் உள்ள ராட் போடச் சொல்கிறேன். என்னிடம் வரும் வண்டிகளுக்கெல்லாம் அதுதான்.

காஸ்ட்அயர்ன்84:
புஷ் ஆயிலைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் உழைக்கும். கேஸில் பஞ்ச் அடித்து ஆயிலைக் கெடுத்துவிட்டு, புஷ்மேல் பழி போடாதீர்கள்.

சிங்கிள்_தம்ப்:
லாக்டைட் 638 என்று ஒரு பசை இருக்கிறது. 0.25 மி.மீ. இடைவெளி வரை நிரப்பும். லேத்தும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம்.

காஸ்ட்அயர்ன்84:
நாற்பது வருஷம் ஆயில் குடித்த அலுமினியம். எத்தனை முறை கழுவினாலும் சூடு காட்டினால் ஆயில் கசியும். அதன்மேல் பசை எப்படிப் பிடிக்கும்? தவிர நீங்கள் ஆலோசனை சொல்லும் ஆளே இல்லை. இரண்டு வருஷம் முன் எனக்கு "கிராக் இல்லை, கியாரண்டி" என்று ஒரு சிலிண்டர் ஹெட் விற்றீர்கள். வால்வ் சீட்டிலிருந்து பிளக் ஓட்டை வரை கிராக்.

சிங்கிள்_தம்ப்:
கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் பிளக்கை முறுக்கிய முறுக்கில் உடைந்திருக்கும். பணத்தில் பாதி திருப்பித் தந்தேனே, அதை ஏன் சொல்லவில்லை?

காஸ்ட்அயர்ன்84:
மூன்றில் ஒரு பங்கு. பாதி இல்லை.

பட்டறை_மணி:
இவரிடம் யார் பேசினாலும் சண்டைதான். தம்பி, உங்கள் ஸ்லீவ் போட்ட இன்ஜின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது? அதைச் சொல்லுங்கள்.

காஸ்ட்அயர்ன்84:
இன்னும் மாட்டவில்லை. கேஸ் லேத்தில் இருக்கிறது.

பட்டறை_மணி:
ஓடாத இன்ஜினை வைத்துக்கொண்டா 31 வருஷ அனுபவத்துக்குப் பாடம் எடுக்கிறீர்கள்? நான் பஞ்ச் அடித்த ஒரு 1978 மாடல் லடாக் போய்த் திரும்பியிருக்கிறது.

காஸ்ட்அயர்ன்84:
திரும்பி வந்த பிறகு பிரித்துப் பார்த்தீர்களா? வெளி வளையம் மின்னுகிறதா இல்லையா? அந்த ஒரு படத்தைப் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

நெல்லை_ரைடர்:
அண்ணா, நாளைக் காலை கேஸை மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். நான் என்ன செய்யட்டும்?

பட்டறை_மணி:
என்னிடம் அனுப்புங்கள். அரை மணி நேர வேலை.

காஸ்ட்அயர்ன்84:
தம்பி, யார் சொன்னாலும் பஞ்ச் மட்டும் அடிக்க விடாதே. மணி சார், படம் எங்கே?