பத்தாயப் பலகையில் சுண்ணாம்பு எண்கள்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை மகளின் அறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். விரலில் ஒட்டியதை என்னை அறியாமல் பழைய மர அலமாரியில் இழுத்துத் துடைத்தேன். வெள்ளையாக ஒரு விரல் தடம். அதைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் நெல் கொட்டி வைக்கும் மரப் பத்தாயம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்பா காலையில் டீக்கடைப் பேப்பரில் மேட்டூர் அணை நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு வருவார். திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலையைத் தொடையில் துடைத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவுவார். மடித்து வாயில் போட்டதும் எழுந்து உள்ளே வந்து, விரலில் மிச்சமிருக்கிற சுண்ணாம்பால் நடுப்பலகையில் அன்றைய எண்ணை எழுதுவார். தேதி கிடையாது, அடி என்றும் போடமாட்டார். 87. மறுநாள் பக்கத்திலேயே 89. அவருடைய 9க்கு வால் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். பலகை நிறைந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி மேலிருந்து ஆரம்பிப்பார். துடைத்தாலும் பழைய எண்கள் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பது பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்பே எனக்கு மனப்பாடம். 90ஐத் தாண்டினால் ஜூன் 12 திறப்பு, குறுகிய கால நெல்லான குறுவைக்கு நாற்று விடலாம் என்பது அப்பா கணக்கு. தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாறு வழியாக நம் வாய்க்காலுக்கு எட்டும் நாளையும் விரல்விட்டு எண்ணி வைத்திருப்பார். புதுத்தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும். அதற்கு முன்னால் செருப்பில்லாமல் அப்பா நடந்து வருவார். அன்றைக்கு அவரிடம் எது கேட்டாலும் கிடைக்கும்.

2012இல் செப்டம்பரில்தான் அணையைத் திறந்தார்கள். குறுவை போயிற்று. நான் அப்போது துபாயில். "எழுதிட்டு அங்கேயே நிக்கிறாருடா" என்று அம்மா போனில் சொன்னார்.

அப்பா 2019 கார்த்திகையில் போனார். அடுத்த வருஷம், எட்டு வருஷத்துக்கு அப்புறம், சரியாக ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது. மட்டம் 100 அடிக்கு மேல். இன்னும் ஏழு மாதம் இருந்திருந்தால் பார்த்திருப்பார். அன்றிலிருந்து டொராண்டோவில் கண் விழித்ததும் நான் கைப்பேசியில் முதலில் தேடுவது மேட்டூர் நீர்மட்டத்தைத்தான். நிலம் குத்தகையில் இருக்கிறது, எனக்கு அந்த எண்ணால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் பார்க்காமல் காபி இறங்காது.

சரி, எழுத வந்த விஷயம். பத்தாயத்தை விலைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது, கொடுத்துவிடுவதுதான் நியாயம். கோத்த பலகைகள்தான், ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஆள் வரும் அன்று தம்பியால் திருச்சியிலிருந்து வர முடியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் யாராவது கூட நின்று, நடுப்பலகையை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். தூசியாக இருக்கிறதே என்று யாரும் துடைத்துவிட வேண்டாம். பழைய வேட்டி ஒன்றைச் சுற்றி, மழைச்சாரல் படாத இடத்தில் வைத்தால் போதும். கோடையில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
கீழத்தெருப் பையன்