இன்வெர்ட்டர் 412 யூனிட் காட்டுகிறது, பில்லில் 268தான் இருக்கிறது. மீதி எங்கே?

கேள்வி: குறிப்பேடு

வணக்கம். எங்கள் வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டு, லைனிலிருந்து வாங்குவதையும் லைனுக்குக் கொடுப்பதையும் தனித்தனியாக எண்ணும் நெட் மீட்டரும் மாட்டி, ஒரு மாதம் முழுதாக முடிந்திருக்கிறது. முதல் பில் நேற்று வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் எழுதி வைப்பேன். பேனல் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் வெயில் இறங்கியதும், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரையைப் பார்த்து, அன்றைய உற்பத்தியை நோட்டில் குறித்து வருகிறேன். மழை கொட்டிய நாளில் 5.1, நல்ல வெயில் அடித்த நாளில் 16.8 வரை போயிருக்கிறது. 30 நாளையும் கூட்டினால் 412 யூனிட். இன்வெர்ட்டரின் மாதக் கணக்கும் அதையேதான் சொல்கிறது.

பில்லில் இருப்பது இது: நாங்கள் எடுத்தது 231. நாங்கள் கொடுத்தது 268. நிகரம் மைனஸ் 37, அது அடுத்த மாதத்துக்கு வரவு. நிலையான கட்டணம் மட்டும் கட்டினால் போதும்.

பில் குறைந்ததில் சந்தோஷம்தான். ஆனால் என் கணக்குப்படி 412லிருந்து 231 போனால் 181 யூனிட் வரவு இருக்க வேண்டும். கொடுத்திருப்பது 37. நடுவில் 144 யூனிட் காணோம். பேனல் போட்டவரிடம் போனில் கேட்டேன். "அது அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்படித்தான் இருக்கும் என்றால் ஏன் அப்படி இருக்கும் என்று யாராவது சொல்ல வேண்டாமா?

இன்னொன்று. போன வாரம் நட்ட நடு மதியம் கரண்ட் போனது. வெயில் கொளுத்துகிறது, பேனல் மேலே இருக்கிறது, வீட்டில் ஃபேன் ஓடவில்லை. இதுவும் கோளாறா?

பதில்: நிழல்குடை

மீட்டர் தப்பாக ஓடுகிறது. 144 யூனிட் சின்ன விஷயமில்லை. உடனே எழுத்தில் புகார் கொடுத்து மீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பதில்: மீட்டர்பெட்டி

அம்மா, புகார் எழுதும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். மீட்டர் சோதிக்கும் வேலையில் 19 வருஷம் இருந்தவன் நான். உங்கள் பில் சரியாக இருக்கிறது. உங்கள் நோட்டும் சரியாக இருக்கிறது. இரண்டும் வேறு வேறு இடத்தில் எடுத்த அளவு, அவ்வளவுதான்.

இன்வெர்ட்டர் பேனலுக்குப் பக்கத்தில் நின்று எண்ணுகிறது. நெட் மீட்டர் வீட்டு வாசலில் நின்று எண்ணுகிறது. பேனலில் வரும் மின்சாரம் முதலில் உங்கள் வீட்டுக்குள்தான் ஓடும். அந்த நேரத்தில் ஃபிரிட்ஜ் ஓடினால் ஃபிரிட்ஜுக்குப் போகும், ஃபேன் ஓடினால் ஃபேனுக்குப் போகும். வீட்டுக்குத் தேவைப்பட்டது போக மிஞ்சுவது மட்டும் வாசலைத் தாண்டி வெளியே போகிறது. வாசலைத் தாண்டாத யூனிட்டை மீட்டர் பார்க்கவே பார்க்காது. அதற்குத் தெரியாததை அது எப்படிப் பில்லில் காட்டும்?

உங்கள் 144 யூனிட் திருடு போகவில்லை. பகலில் நீங்களே அதைச் செலவு செய்துவிட்டீர்கள். ஒரு நாளைக்கு 4.8 யூனிட். ஃபிரிட்ஜ், ஃபேன், தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின் என்று பகலில் ஓடும் வீட்டுக்கு அது இயல்பான அளவு.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. வீட்டின் மொத்தச் செலவு என்பது பேனலிலிருந்து நேராக எடுத்ததும் வெளியிலிருந்து வாங்கியதும் சேர்ந்தது. 144உடன் 231ஐக் கூட்டினால் 375. சோலார் போடுவதற்கு முன் மாதம் எத்தனை யூனிட் ஆகிக்கொண்டிருந்தது? பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். 375க்குப் பக்கத்தில் இருந்தால் மீட்டர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்குக் கிடைத்த லாபம் 37 யூனிட் என்றும் நினைக்காதீர்கள். 375 யூனிட் செலவாகும் வீடு முழுதும் ஓடி, அதற்கு மேல் 37 மிஞ்சியிருக்கிறது. கூட்டினால் 412, உங்கள் நோட்டில் இருக்கும் அதே எண்.

அப்புறம் மீட்டர் திரை. சில நொடிக்கு ஒருமுறை எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் சின்னதாக 1.8.0 என்று வந்தால் அது இதுவரை நீங்கள் வாங்கிய மொத்த யூனிட். 2.8.0 என்று வந்தால் வெளியே கொடுத்த மொத்தம். இந்தக் குறியீடு பல நிறுவனங்களின் மீட்டர்களிலும் ஒன்றுதான். உங்களுடையதில் வேறு மாதிரி இருந்தால் அம்புக்குறி ஒன்று உள்ளே வெளியே என்று காட்டும். இரண்டுமே ஏறிக்கொண்டேதான் போகும், எதுவும் குறையாது. கழித்தல் நடப்பது பில் போடும் இடத்தில்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சக்கரம் சுற்றும் பழைய மீட்டரில் மின்சாரம் வெளியே போனால் சக்கரம் நிஜமாகவே பின்னால் சுற்றும், எண்ணும் குறையும். நெட் மீட்டரிங் என்ற யோசனையே அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1983லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. "மீட்டர் பின்னால் ஓடும்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் புது மீட்டரில் எண் ஏறுவதைப் பார்த்ததும் பயப்படுகிறார்கள்.

பதில்: குறிப்பேடு

தம்பி, பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். 371, 378, 366. நீங்கள் சொன்ன 375 நடுவில் வந்து உட்காருகிறது. ராத்திரி இந்தக் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. வாசலைத் தாண்டாததை மீட்டர் பார்க்காது என்பதை வீட்டிலேயே நிரூபிக்க வழி உண்டா?

பதில்: மீட்டர்பெட்டி

உண்டு. மேகமில்லாத நாளாகப் பார்த்து, சூரியன் உச்சியில் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். 2.8.0 எண்ணைத் தசமத்தோடு எழுதுங்கள். அரை மணி நேரம் வீட்டில் எதையும் புதிதாகப் போடாமல், எதையும் அணைக்காமல் இருந்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அடுத்த அரை மணி தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டு மறுபடி எழுதுங்கள். ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி வேண்டாம், சூடானதும் தானாக நின்றுவிடும், கணக்கு குழம்பும். இரண்டு முறையும் இன்வெர்ட்டர் திரையில் எத்தனை வாட் வருகிறது என்பதையும் பாருங்கள். வெயில் மாறியிருந்தால் சோதனை செல்லாது.

பதில்: கம்பிமரம்

மதியம் கரண்ட் போன கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் நின்றதும் 2 நொடிக்குள் தானும் நிற்க வேண்டும் என்பது விதி. லைன் செத்துவிட்டது என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார். உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பிக்குள் போனால் அவர் உயிர் போகும். நானே கம்பத்தில் ஏறுகிறவன், அதனால் இதை விளக்கமாக எழுதுகிறேன். கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு வேலை செய்யும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அது வீட்டை லைனிலிருந்து பிரித்துவிட்டு உள்ளே மட்டும் ஓட்டும். சாதாரண இன்வெர்ட்டரில் யாராவது குறுக்கு வழியில் வயர் போட்டுத் தருகிறேன் என்று வந்தால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பதில்: கிழக்குச்சுவர்

அம்மாவுக்கு மீட்டர் மாற்றிவிட்டுத்தான் சோலாரை ஓட்டினார்கள் போல. எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. பேனல் மாட்டிய அன்றே, "மீட்டர் வரும்போது வரட்டும், வெயிலை ஏன் வீணாக்க வேண்டும்" என்று போட்டவர் இன்வெர்ட்டரை ஆன் செய்துவிட்டுப் போனார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மீட்டர் வர ஏழு வாரம் ஆனது. வந்த பில் பழைய பில்லைவிட அதிகம்! பேனல் வைத்த வீட்டில் 240 யூனிட் கூடுதல். குழந்தை பிறந்து மூன்று மாதம், கையில் பணம் இல்லாத நேரம். அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகுதான் தெரிந்தது, எங்கள் பழைய எலக்ட்ரானிக் மீட்டருக்குத் திசை தெரியாது. உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் வாங்கியதாகவே எண்ணும். நாங்கள் வெளியே கொடுத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் நாங்களே பணம் கட்டினோம். இதைப் படிக்கிற யாராவது இப்போதுதான் பேனல் மாட்டிவிட்டுக் காத்திருந்தால், இருவழி மீட்டர் வரும்வரை இன்வெர்ட்டரை அணைத்தே வையுங்கள்.

பதில்: மீட்டர்பெட்டி

கிழக்குச்சுவர் சொல்வது முழு உண்மை. வயரைத் தலைகீழாக மாற்றிப் போட்டு மீட்டரை ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பதற்காகவே பல மீட்டர்களை அப்படிச் செய்தார்கள். சோலார் வீட்டுக்கு அதுவே வினையாகிவிட்டது. இந்தத் தவறில் சிக்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆன் செய்த தேதியும் இன்வெர்ட்டரின் அன்றாட உற்பத்திப் பதிவும் இருந்தால் முறையிடுவதற்கு ஒரு பிடி இருக்கும்.

பதில்: மாலைவெயில்

இங்கே எல்லோரும் ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் திரும்ப வரும் என்று வைத்துப் பேசுகிறீர்கள். எங்களுக்கு அப்படி இல்லை. எங்களுடையது நெட் பில்லிங். யூனிட்டை யூனிட்டோடு கழிக்க மாட்டார்கள். வாங்கியதற்கு ஒரு விலை, கொடுத்ததற்கு வேறு விலை, இரண்டையும் பணமாக்கிக் கழிப்பார்கள். கொடுக்கும் விலை வாங்கும் விலையில் பாதிகூட இல்லை. கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலிலிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த மாதிரிதான். ஹவாயில் 2015லேயே புதியவர்களுக்கு ஒன்றுக்கு ஒன்று முறையை நிறுத்திவிட்டார்கள். முதலில் தாராளமாகக் கொடுப்பதும், கூரைகள் நிறைந்ததும் கையை இறுக்குவதும் பல இடங்களில் நடக்கிறது.

அம்மாவுக்கு ஒன்றுக்கு ஒன்று கிடைப்பதால் மோட்டாரைப் பகலில் போட்டாலும் ராத்திரி போட்டாலும் பில் ஒன்றே. எனக்கு அப்படியில்லை. பகலில் நேராகச் செலவு செய்யும் யூனிட்டுக்கு முழு மதிப்பு, வெளியே போகும் யூனிட்டுக்குப் பாதிக்கும் கீழே. வாஷிங் மெஷினைக் காலை பத்தரைக்கு ஓட்ட ஆரம்பித்த மாதமே வித்தியாசம் தெரிந்தது.

ஒப்பந்தத் தாளில் இரண்டு இடத்தைத் தேடிப் பாருங்கள் அம்மா. அந்த 37 யூனிட் வரவு எத்தனை மாதம் உயிரோடு இருக்கும்? பல இடங்களில் வருஷத்துக்கு ஒரு நாள் கணக்கை முடிப்பார்கள். அன்று மிச்சமிருப்பதைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் ஒன்றும் தராமல் பூஜ்யமாக்குவார்கள். இரண்டாவது, நேரத்துக்கு ஒரு விலை உண்டா என்பது. இருந்தால் பகலில் கொடுத்ததைச் சாயங்கால உச்ச நேரத்தில் எடுத்ததோடு கழிக்க விடாமல் போகலாம். வரவு சேருகிறதே என்று இன்னும் நாலு பேனல் போட நினைக்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. மாதம் 375 யூனிட் செலவாகும் வீட்டுக்கு உங்கள் 412 போதும்.

பதில்: குறிப்பேடு

எல்லோருக்கும் நன்றி. கிழக்குச்சுவர் தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. குழந்தை நன்றாக இருக்கட்டும்.

சோதனை செய்தேன். 12 மணிக்கு 2.8.0 எண் 311.4. இன்வெர்ட்டரில் 2400 வாட். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பன்னிரண்டரைக்கு 312.5. மோட்டாரைப் போட்டேன். எண் உடனே நிற்கவில்லை, ஆனால் மெதுவாகிவிட்டது, அந்த மெதுவைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ஒரு மணிக்கு 313.1. முதல் அரை மணியில் 1.1, அடுத்த அரை மணியில் 0.6. இன்வெர்ட்டர் இரண்டு நேரமும் 2400ஐ ஒட்டியேதான் காட்டியது. குறைந்த அந்த அரை யூனிட் மேல் தொட்டியில் தண்ணீராக இருக்கிறது.

ஒப்பந்தத் தாளைத் தேடி எடுத்தேன். வருஷத்துக்கு ஒருமுறை கணக்கு முடிக்கிறார்கள், மிச்சத்துக்கு எதுவும் தரமாட்டார்கள் என்று ஆறாவது பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. நேரத்துக்கு ஒரு விலை எங்களுக்கு இல்லை. மகன் இன்னும் இரண்டு பேனல் போடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான், இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கம்பிமரம் தம்பி, மதியம் கரண்ட் போனால் இனிமேல் குறைபட மாட்டேன். கம்பத்தில் நீங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

நோட்டில் ஒரு பத்தி மட்டும் இருந்தது, இப்போது ஐந்து பத்தியாகக் கோடு போட்டுவிட்டேன். இன்று: பேனல் தந்தது 14.1, வெளியே போனது 9.6, நேராக எடுத்தது 4.5, வாங்கியது 7.3, வீட்டுச் செலவு 11.8.

பதில்: மீட்டர்பெட்டி

அம்மா, வாங்கியதையும் கொடுத்ததையும் தினமும் ஒரே நேரத்தில் குறியுங்கள், இருட்டிய பிறகு என்றால் இன்னும் நல்லது. நீங்கள் எழுதும் நேரத்தில் வெயில் மிச்சமிருந்தால் இன்வெர்ட்டர் கணக்கும் மீட்டர் கணக்கும் கொஞ்சம் முன்னே பின்னே போகும்.