அப்பா பிரஷர் மாத்திரையை விட்டு விட்டுப் போடுகிறார், என்ன செய்வது?

காவிரிக்கரை:
அப்பாவுக்கு 72 வயது. காலையில் டெல்மிசார்டன் 40, இரவில் ஆம்லோடிபின் 5. "தலைசுத்தல் இல்லையே, எதுக்கு மாத்திரை?" என்று பாதி நாள் போடுவதில்லை. டாக்டரிடம் போகிற அன்று மட்டும் கரெக்டாகப் போடுவார். விட்டதற்கு மறுநாள் இரண்டாகக் கொடுக்கலாமா? ஏழு நாள் மாத்திரை டப்பா வாங்கினால் சரியாகுமா?

மருந்தாளுநர்:
இரண்டாகக் கொடுக்கவே வேண்டாம். ஆம்லோடிபின் என்றால் 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், தாண்டினால் அடுத்த வேளைதான்.

டப்பா விஷயத்தில் ஒரு சிக்கல்: டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும். அட்டையிலிருந்து முன்கூட்டியே உரித்து வைக்கக்கூடாது. அட்டையைத் துண்டு துண்டாக வெட்டியும் வைக்காதீர்கள். கண் மங்கிய பெரியவர்கள் அதை அப்படியே விழுங்கித் தொண்டையில் கிழித்துக்கொள்வதுண்டு. அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் தி, செ, பு என்று கிழமை எழுதினால் போதும். இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையாகவும் வருகிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கு மாத்திரை வந்தால், கடையில் வாங்குவதோடு மருந்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனிப் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே மருந்தாக இருக்கலாம், இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடக்கூடாது.

நர்ஸ் அக்கா:
தம்பி, செக்கப் அன்று மட்டும் போடுவதுதான் பெரிய ஆபத்து. ஆம்லோடிபின் முழுதாக வேலை செய்ய ஒரு வாரம் தினமும் போக வேண்டும். அன்றைக்கு மட்டும் ஒன்று போட்டால் பிரஷர் முழுதாக இறங்காமல் அதிகமாகத்தான் காட்டும், டாக்டர் டோஸைக் கூட்டுவார். பிறகு நீங்கள் தினமும் கொடுத்தால் பிரஷர் மிகவும் இறங்கிக் கீழே விழலாம். எத்தனை நாள் விட்டார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் ஏழு நாள் அளந்து எழுதுங்கள்: ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரணும், கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில், சட்டைக் கை மேல் பட்டை கட்டக்கூடாது. காலை மாத்திரைக்கு முன்னும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுங்கள். 135/85க்கு மேல் என்றால் கட்டுப்படவில்லை. நிற்கவைத்து 1, 3 நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் உடனே தெரிவிக்கணும்.

மூட்டுவலிக்கு டைக்ளோபெனாக் போடுகிறாரா? அதுவும் பிரஷரை ஏற்றும்.

காவிரிக்கரை:
நன்றி அக்கா. விசாரித்ததில், கணுக்கால் வீங்குகிறதாம், அதனால்தான் இரவு மாத்திரையை ஒதுக்குகிறாராம்.

நர்ஸ் அக்கா:
அது ஆம்லோடிபினால் வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், டோஸைக் குறைப்பார்கள் அல்லது மருந்தை மாற்றுவார்கள். வீக்கத்தோடு மூச்சு வாங்கினால் மட்டும் அப்பாயின்ட்மென்ட் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள்.