தார்ப்பாய் நிழலில் முகமெல்லாம் நீலம், பக்கத்தில் போட்டால் மங்கல்: ஸ்க்ராப்புக் படங்களுக்கு உதவி தேவை

பாம்பன்_ஓலைக்கொட்டான்:

வணக்கம். வீட்டில் அன்றாடம் நடப்பதை 12×12 அங்குல டிஜிட்டல் ஸ்க்ராப்புக் (படமும் எழுத்தும் சேர்த்த நினைவு ஏடு) பக்கங்களாக்கி, பிறகு அச்சுப் போட வேண்டும். அப்பத்தா வலை தைப்பது, அம்மா கருவாடு காயப்போடுவது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புவது, சாயங்காலம் கரையில் ஆட்டம். விசேஷம் எதுவும் இல்லை, வெறும் அன்றாடம்தான்.

50 மெகாபிக்சல் ஆண்ட்ராய்டு போன். திருத்துவது ஸ்னாப்சீடில், பக்கம் அமைப்பது கேன்வாவில். தங்கச்சி எடுப்பவை வாட்ஸ்அப்பில் வரும். சிக்கல்கள்:

நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குள் எடுத்தால் முகம் நீலம் பாய்கிறது. வார்ம்த் (மஞ்சள் சாயல்) கூட்டினால் வெளியே தெரியும் மணல் ஆரஞ்சு ஆகிறது, முகம் சரியாவதில்லை.

போனில் பளிச்சென்று இருப்பது பக்கத்தில் பெரிதாகப் போட்டால் மங்கல்.

வலை தைக்கும் கை மட்டும் கலங்கி விழுகிறது. இரவில் சமையல்கட்டில் எடுத்தால் குறுக்கே கறுப்புப் பட்டைகள்.

உப்புக்காத்து:

ஸ்னாப்சீடில் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாவே தெரிய நிறத்தைச் சரிக்கட்டுறது) போய், சொட்டுக்குழாய்ப் படத்தைத் தட்டி, யாராவது போட்டிருக்கிற வெள்ளைச் சட்டையில் வைங்க. நீலம் போயிரும்.

தென்கடல்_வெளிச்சம்:

பந்தல் முழுக்க ஒரே வெளிச்சமாக இருந்தால் போகும். இங்கே ஒரே படத்தில் இரண்டு வெளிச்சம் இருக்கு. மேலேயிருந்து தார்ப்பாய் வழியாக வடிகட்டி இறங்குவது நீலம். பக்கவாட்டில் மணலில் பட்டுத் திரும்புவது மஞ்சள். ஒயிட் பேலன்ஸ் முழுப் படத்தையும் ஒரே அளவுக்குத்தான் நகர்த்தும். முகத்துக்குச் சரி பண்ணினால் மணல் கெடும், மணலுக்குச் சரி பண்ணினால் முகம் கெடும். அதோடு நீல ஷீட் சிவப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால் தோலின் சிவப்பு கோப்பிலேயே குறைவு. இல்லாததை இழுத்துக் கூட்டினால் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் வரும்.

அதனால எடுக்கிற இடத்திலேயே சரி பண்ணுங்க. அப்பத்தாவைப் பந்தலின் நடுவில் உட்கார வைக்காமல், ஓரத்திலிருந்து இரண்டு, மூன்று அடி உள்ளே, முகம் வெளிவானத்தைப் பார்க்கிற மாதிரி உட்காரச் சொல்லுங்க. அப்போ முகத்தில் விழுவது திறந்த வானத்து வெளிச்சம். தார்ப்பாய் நீலம் தலைமுடியிலும் தோளிலும் மட்டும் லேசாக நிற்கும், அது உறுத்தாது. நீங்க வெளியே நின்று உள்ளே பார்த்து எடுங்க. பின்னணி இருட்டாக விழும், முகமும் வலையும் தனியாகத் தெரியும்.

இன்னும் ஒரு பக்கம் இருட்டினால், மீன் ஐஸ் பெட்டியின் வெள்ளைத் தெர்மாகோல் மூடி போதும். இருண்ட பக்கத்தில், முகத்துக்கு இரண்டடி தள்ளி, படத்துக்குள் வராமல் சாய்த்து வையுங்க. கழுவிவிட்டு வைக்கணும், இல்லாவிட்டால் முகத்தைவிட மூக்குக்குத்தான் முதலில் தெரியும். தென்னங்கிடுகுப் பந்தல் இருந்தால் இந்த வம்பே இல்லை. கிடுகு நிறம் ஏற்றாது. ஆனால் ஓட்டை வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழுகிறதா என்று பாருங்க.

ஏற்கனவே எடுத்த படங்களுக்கு: ஸ்னாப்சீடில் செலக்டிவ், முகத்தில் ஒரு புள்ளி, இரண்டு விரலால் வட்டத்தை முக அளவுக்குச் சுருக்கி, சாச்சுரேஷனை (நிற அடர்த்தி) -30 முதல் -50 வரை இறக்குங்க. சாம்பல் கலந்தாலும் நீலத்தைவிடத் தேவலாம். அதுவும் சரிப்படவில்லை என்றால் கறுப்பு வெள்ளை. வலையும் சுருக்கம் விழுந்த கையும் கறுப்பு வெள்ளையில் நன்றாகவே நிற்கும்.

கருவாட்டுக்கு வேறு கணக்கு. அது வெட்டவெளி, வெள்ளி மாதிரி மின்னும் மீன், வெளிறிய மணல். மீன்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தை -0.7 அளவுக்கு இறக்குங்க. செதிலின் கோடுகள் வரும். நேரமும் முக்கியம். நம்ம பாம்பன் பக்கம் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மதியம் 12.15 வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கு நிழல் உதட்டில் விழும். மற்ற மாசத்திலும் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளியில் முகம் வேண்டாம். கை, கூடை, மீன் எடுக்கலாம்.

உப்புக்காத்து:

சரிதான், ரெண்டு வெளிச்சத்தை யோசிக்கல. ஓலைக்கொட்டான், லென்ஸையும் பாருங்க. கரையில் கொஞ்ச நேரம் நின்றாலே உப்புப் படலம் படியும். டியூப்லைட்டைப் பார்த்து ஒரு படம் எடுங்க. விளக்கிலிருந்து நீளக் கோடு இழுத்தால் படலம் இருக்குன்னு அர்த்தம். முதலில் ஊதி மணலைத் தள்ளுங்க, நல்ல தண்ணியில் நனைத்துப் பிழிந்த கண்ணாடித் துணியால் ஒத்துங்க, அப்புறம் காய்ந்த துணி. கைலி நுனியால் தேய்க்கிற பழக்கம் நம்மூரில் எல்லாருக்கும் இருக்கு, லென்ஸில் கீறல் விழுவது அதனாலதான்.

வடகடல்:

மங்கலாகிற படத்தின் பிக்சல் அளவு என்ன? கேலரியில் படத்தைத் திறந்து டீடெயில்ஸ் பாருங்க.

பாம்பன்_ஓலைக்கொட்டான்:

தங்கச்சி அனுப்பியது 1600×1200. நான் எடுத்தது 4080×3072, ஆனால் அதிலும் சிலது மங்கல்தான். ஒரே படத்தைப் பக்கம் முழுக்கப் பரப்பினேன்.

வடகடல்:

12 அங்குலப் பக்கத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 3600×3600 பிக்சல் வேணும். கேன்வாவில் கஸ்டம் சைஸில் இந்த எண்ணையே கொடுங்க. 1600×1200 படத்தைச் சதுரமாக வெட்டினால் மிஞ்சுவது 1200×1200; அதைப் பக்கம் முழுக்க இழுத்தால் அங்குலத்துக்கு 100 பிக்சல்தான். மங்காமல் என்ன செய்யும்? அதே படம் 4 அங்குலக் கட்டத்தில் சரியாக 300. அதாவது வாட்ஸ்அப் படங்களைச் சின்னக் கட்டத்துக்கு வையுங்க, உங்க படத்தைப் பெரிய இடத்துக்கு வையுங்க. உங்களுடையது சதுரமாக 3072, பக்கம் முழுக்கப் போட்டாலும் 256 டிபிஐ வரும். அது போதும்.

இனிமேல் தங்கச்சியை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்க, அளவு சுருங்காது. ஹெச்டி என்று அனுப்பினாலும் சுருங்கும், குறைவாகச் சுருங்கும். போட்டோவாக அனுப்பினால் எடுத்த தேதி, நேர விவரமும் கோப்பிலிருந்து அழிந்துவிடும். ஸ்க்ராப்புக்குக்குத் தேதி வேணுமே. ஐபோன் என்றால் கேமரா ஃபார்மட்ஸில் மோஸ்ட் கம்பாட்டிபிள் வைத்துக்கொண்டால் ஜேபிஜியாகவே வரும்.

உங்க படத்திலும் சிலது மங்கல் என்றால் ஜூம் பண்ணியிருப்பீங்க. 50 மெகாபிக்சல் சென்சாரில் 2 மடங்கு வரை நல்ல வெளிச்சத்தில் தாங்கும். அதுக்கு மேலே போன் இருக்கிற பிக்சலை இழுத்து நிரப்புது. எண்ணிக்கை 4080 என்றே காட்டும், விவரம் இருக்காது. நடந்து கிட்டப் போங்க.

கை கலங்குவது: நிழலில் போன் தானாக 1/30, 1/50 நொடிக்கு இறங்கிவிடும். ப்ரோ மோடில் ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/250 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) ஆட்டோ. அலையில் குதிக்கிற பிள்ளைகளுக்கு 1/1000. கறுப்புப் பட்டை இதுக்கு நேர்மாறு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 தடவை மின்னும். ஷட்டர் அதைவிட வேகமானால் படத்தின் ஒரு பகுதி விளக்கு மங்கின கணத்தில் பதிவாகும். சமையல்கட்டில் ஷட்டர் 1/100 அல்லது 1/50 மட்டும்; கையை அடுப்பு மேடையில் ஊன்றிக்கொள்ளுங்க.

இன்னும் ரெண்டு: பியூட்டி ஃபில்டரை அணையுங்க, அப்பத்தா முகத்துச் சுருக்கத்தை அழித்துவிடும். வலை இருக்கிற படத்துக்கு போர்ட்ரெய்ட் மோட் (பின்னணியை மங்கலாக்குவது) வேண்டாம். நூல் எது, பின்னணி எது என்று போனுக்குத் தெரியாது, பாதி வலையைக் கரைத்துவிடும்.

பாசிக்கரை:

தொழில்நுட்பம் எல்லாரும் சொல்லிட்டாங்க. பக்கம் கட்டுறதுக்கு எடுக்கிற படம் ஃபேஸ்புக்கில் போடுற படம் இல்லை தம்பி. அங்கே ஒரு படம் தனியா நிக்கணும். இங்கே நாலு, அஞ்சு சேர்ந்து ஒரு வேலையைச் சொல்லணும். எல்லாமே முகம், எல்லாமே அரை ஆள் தூரம்னா பக்கம் ஒரே இரைச்சலாயிரும்.

கருவாடு காயப்போடுறதை எடுத்துக்குவோம். முதல்ல பத்தடி தள்ளி நின்னு மீன் காயப்போடுற வாடி, கடல், அம்மா மூணும் வர்ற மாதிரி ஒன்னு. இது பக்கத்தோட பெரிய படம். இதுல ஒரு மூணுல ஒரு பங்கை வெறும் மணலோ வானமோ விடுங்க, எழுத்து அங்கேதான் உட்காரும். படத்து மேலேயே எழுதலாம், தனியா பெட்டி வேண்டாம். அப்புறம் மீனைத் திருப்பிப் போடுற கை. அப்புறம் நேர் மேலேயிருந்து வரிசையாப் பரப்பின மீன். போனைத் தரைக்கு இணையாப் பிடிங்க, உங்க நிழல் விழாத பக்கம் நில்லுங்க. இது பின்னணித் தாளாவே ஆகும், கேன்வாவுல ஒளிபுகுதன்மை (டிரான்ஸ்பரன்சி) எண்ணை 20க்கு இறக்கி, மங்கலாக்கி அடியில் போடுங்க. கடைசியா யாரும் எடுக்காதது: உப்புத் தொட்டி, காக்கா விரட்டுற குச்சி, கழட்டிப் போட்ட செருப்பு. பத்து வருஷம் கழிச்சு முதல்ல தேடப்போறது அதைத்தான்.

ஒவ்வொன்னையும் நெடுக்கு, குறுக்கு ரெண்டுலயும் எடுங்க. எந்தக் கட்டம் மிஞ்சும்னு முன்கூட்டித் தெரியாது. சதுரக் கட்டத்துல போடுறப்ப தலை வெட்டுப்படாம இருக்க ஒரு அடி பின்னால வந்து எடுங்க. கேமராவுல கட்டக்கோட்டை (கிரிட்) ஆன் பண்ணுங்க. கடல் கோடு சரிஞ்சா நேராக்குறப்ப நாலு ஓரமும் போயிரும்.

பள்ளிக்கூடம் கிளம்புறதுக்குக் கேமராவைப் பிள்ளை இடுப்பு உயரத்துக்கு இறக்கிப் பிடிங்க. "இங்க பாரு"ன்னு சொல்லாதீங்க, சொன்னா விரல் ரெண்டைத் தூக்கிருவாங்க. வாசல்ல வெளிச்சம் இருக்கு, அங்கேயே நின்னு ஷூ மாட்டுற வரைக்கும் காத்திருங்க.

கரையில விளையாட்டுக்கு காத்து பார்த்துப் போங்க. மே முதல் செப்டம்பர் வரைக்கும் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் மணலும் சாரலும் அடிக்கும், வடகடல் (பாக் நீரிணை) அமைதியா இருக்கும். வாடைக்காத்துக் காலத்துல தலைகீழ். கடல்பாசி எடுத்துட்டு கரையேறுற பொம்பளைகளை எடுக்கணும்னா முதல்ல கேளுங்க, நனைஞ்ச சேலையோட நிக்கிறவங்களைக் கேக்காம எடுக்கக் கூடாது.

பாம்பன்_ஓலைக்கொட்டான்:

பந்தல் ஓரம் + தெர்மாகோல் மூடி, நீலம் போய்விட்டது. நன்றி அண்ணே, நன்றி அக்கா. புதுச் சிக்கல்: அச்சுப் போடும் லேப்காரர் போட்டோஷாப்பில் தலைப்பு அடித்தார். "கொட்டான்" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

வடகடல்:

பழைய போட்டோஷாப் பதிப்பாக இருக்கும். பிரிஃபரன்சஸ், டைப் போய் "மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்" தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. சில பதிப்பில் "வேர்ல்ட் ரெடி லேயவுட்" என்று இருக்கும். மூடித் திறந்து, புதுக் கோப்பில் அடிக்கணும், பழைய கோப்பில் மாறாது. எழுத்துரு யூனிகோடாக (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இருக்கணும்: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் யூனிகோடு வரியை ஒட்டினால் அந்த எழுத்துருவில் வராது.

இல்லையென்றால் தலைப்பையும் கேன்வாவிலேயே அடித்து, முழுப் பக்கத்தையும் 3600×3600 ஜேபிஜியாக இறக்கிக் கொடுத்துவிடுங்க. எழுத்து படமாகிவிட்டால் லேப் மெஷினில் எழுத்துரு தேவையில்லை. வெட்டும் ஓரத்துக்கு எவ்வளவு விடணும் என்று முன்னாடியே கேளுங்க. அவர் 1/8 அங்குலம் கேட்டால் பக்கத்தை 12.25 அங்குலம், அதாவது 3675 பிக்சலாக வையுங்க. எழுத்தும் முகமும் வெட்டுக்கோட்டிலிருந்து கால் அங்குலம் உள்ளே இருக்கட்டும். முதலில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அச்சடித்து வாங்குங்க. திரை வெளிச்சம் அதிகமாக வைத்துத் திருத்திய படம் தாளில் இருட்டாக வரும். வந்தால் மற்றப் பக்கங்களுக்கு பிரைட்னஸ் கொஞ்சம் கூட்டிவிட்டு அனுப்பலாம்.