லெட் செப்பெலின் இல்லாத ராபர்ட் பிளாண்ட்: உங்களுக்கு எப்படி அறிமுகம்?

ஊர்சுற்றி:

லெட் செப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ராபர்ட் பிளாண்ட் 2003-இல் 'சிக்ஸ்டி சிக்ஸ் டு திம்பக்டு' என்று இரண்டு சிடி கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். 1966-இல் தொடங்கி ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் முடிகிற 35 பாட்டுகள். செப்பெலின் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. கேட்டவர்கள் யாராவது இருந்தால், அது எப்படிக் கைக்கு வந்தது, எந்தப் பாட்டில் விழுந்தீர்கள் என்று எழுதுங்கள்.

எனக்கு வந்தது விடுதி அறைநண்பனின் ஹார்ட் டிஸ்க் வழியாக. பாட்டுகள் வரிசை குலைந்து கிடந்ததால் இரண்டாவது சிடிதான் முதலில் ஓடியது. அதுவும் நல்லதுக்குத்தான். அதன் முதல் ஐந்து பாட்டுகளும் செப்பெலினுக்கு முந்தியவை. 'லிஸன்' என்ற குழுவின் பெயரில் 1966-இல் சிபிஎஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட சிங்கிள் முதலில் வரும். பையனுக்கு அப்போது 18 வயது. தொண்டை கிழியக் கத்துகிறான், எங்கே நிறுத்துவது என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அடுத்தது 1967-இல் வந்த 'அவர் சாங்'. ஓர் இத்தாலியப் பாட்டுக்கு ஆங்கில வரிகள் போட்டு, பின்னால் வயலின்களை நிரப்பியிருக்கிறார்கள். நன்றாகத்தான் பாடுகிறார், ஆனால் அண்ணனின் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற தம்பி மாதிரி இருக்கும்.

மூன்றாவதாக வருகிற 'ஹே ஜோ'தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. 'பேண்ட் ஆஃப் ஜாய்' குழுவோடு பாடியது. பின்னால் செப்பெலினின் டிரம்மராகப் போன ஜான் பானமும் இருந்த குழு. மெதுவாகக் கிளம்பும் பாட்டில் திடீரென்று குரல் பிய்த்துக்கொண்டு மேலே ஏறுகிறது. ஆள் வந்துவிட்டான்! 1968-இல் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ், பின்னால் செப்பெலின் ஆன குழுவுக்குப் பாடகர் தேடியபோது முதலில் கேட்டது டெர்ரி ரீடைத்தான். அவர் மறுத்துவிட்டு இவரைக் கைகாட்டினார். பேஜ் நேரில் வந்து கேட்ட குரல் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால், நமக்கு இருப்பது இந்த மாதிரிப் பதிவுகள்தான். அந்த ஐந்தில் கடைசியாக வருகிற 'ஆபரேட்டர்' பிரிட்டிஷ் ப்ளூஸின் மூத்த கை அலெக்சிஸ் கார்னரோடு பதிவானது, அதையும் தவற விடாதீர்கள்.

பழைய டேப்:

ஊர்சுற்றி அண்ணே, நீங்கள் இரண்டாவது சிடியிலேயே குடியிருக்கிறீர்கள். முதல் சிடியைப் பற்றி யாராவது உண்மை பேச வேண்டாமா?

நான் வரிசையாகக் கேட்கிற ஆள். இந்த சிடி 1990-இல் தொடங்கி முன்னும் பின்னும் தாவுகிறது. 1983-இன் 'பிக் லாக்' பத்துப் பாட்டுக்கு அப்புறம்தான் வருகிறது. ஒரு மனிதன் எப்படி மாறினான் என்று காட்டத்தானே தொகுப்பு? போதாக்குறைக்கு, அதே 1983 ஆல்பத்தின் 'இன் தி மூட்' இல்லவே இல்லை. அதை விட்டுவிட்டு என்ன தொகுப்பு என்று எனக்கு இன்னும் கோபம்தான்.

ஆனாலும் 'பிக் லாக்' பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1980 செப்டம்பரில் பானம் இறந்தார், டிசம்பரில் குழு கலைந்தது. அதற்கு அப்புறம் இவர் வெளியிட்ட முதல் இரண்டு தனி ஆல்பங்களிலும் பெரும்பாலான பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்தவர் பில் காலின்ஸ். 'பிக் லாக்'கில் மட்டும் மெஷின் தாளம் மாதிரி ஒன்று சன்னமாக ஓடும், அதன்மேல் கிட்டார் தனியாக அலையும். கத்தலே இல்லை. நள்ளிரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டேன். இந்த ஆளா அந்தக் குழுவில் அப்படி அலறினார் என்று இருந்தது. 1985-இன் 'லிட்டில் பை லிட்டில்' அப்படியில்லை. அந்தக் காலத்து எதிரொலியில் மூழ்கிக் கிடக்கிறது.

'டால் கூல் ஒன்' இன்னொரு வேடிக்கை. ஹிப்ஹாப்காரர்கள் செப்பெலின் பாட்டுகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த நேரம். இவர் 1988-இல் தானே தன் பழைய குழுவை வெட்டி ஒட்டிவிட்டார், கிட்டாருக்கும் பேஜையே கூப்பிட்டுக்கொண்டார். நல்ல பாட்டா? சுமார்தான். துணிச்சலுக்கு மார்க் போடலாம்.

இரவல்செவி:

எனக்கு 'ஐ பிலீவ்' மட்டும் போதும். 1977-இல் செப்பெலின் அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, ஊரில் அவருடைய ஐந்து வயது மகன் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனான். அவனுக்காக 1993-இல் பாடியது. இந்த விவரம் தெரியாமலே பல காலம் கேட்டிருக்கிறேன். மெட்டு வெளிச்சமாகத்தான் போகும், ஒப்பாரி எங்கேயும் வராது. விவரம் தெரிந்தபின் அதை ஓடவிட்டபடி வேறு வேலை பார்க்க முடிவதில்லை.

மிட்லண்ட்ஸ்வாசி:

நான் இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் இருக்கிறேன். பிளாண்ட் பிறந்த வெஸ்ட் பிராமிச் இங்கிருந்து கூப்பிடு தூரம். இந்தப் பக்கத்தில் அவரை ராக் கடவுளாக யாரும் தூக்கி வைத்துப் பேசி நான் பார்த்ததில்லை. உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் கால்பந்து அணியின் தீவிர ரசிகர், அந்தக் கிளப்பின் கௌரவத் துணைத்தலைவர், அவ்வளவுதான். இந்த சிடியை எனக்கு அறக்கட்டளைக் கடையில் எடுத்துக்கொடுத்த பெரியவர்கூடப் பாட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை, அணி எப்படித் தோற்றது என்றுதான் புலம்பினார்.

அப்புறம் ஒரு முறை அவர் மேடைக் கச்சேரிக்குப் போயிருந்தேன். செப்பெலின் பாட்டும் வந்தது. ஆனால் சுருதியை இறக்கி, தாளத்தை மாற்றி, பாதி தூரம் போன பிறகுதான் கூட்டத்துக்கே இன்ன பாட்டு என்று தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் முகம் சுளித்தார். எனக்கு அப்படி இல்லை, இந்தத் தொகுப்பைக் கேட்டுவிட்டுப் போனதால் இருக்கலாம். ஒரே மாதிரி இரண்டு தடவை பாடப் பிடிக்காத ஆள் என்பதுதான் அந்த இரண்டு சிடியிலும் இருக்கிறது. பழைய டேப் சார், வரிசை குலைந்திருப்பதுகூட அந்தக் குணத்தில் சேர்ந்ததுதான்.

தாரைதப்பட்டை:

கடைசிப் பாட்டைப் பற்றி யாரும் பேசாததால் நான் வருகிறேன். 2003 ஜனவரியில் மாலி நாட்டில், திம்பக்டுவிலிருந்து சுமார் 65 கி.மீ. தள்ளி எஸ்ஸகேன் என்ற இடத்தில் நடந்த பாலைவன விழாவில் பாடியது. சுற்றிலும் மணல், அந்தப் பாலைவனத்துத் துவாரக் மக்கள், ஒட்டகங்கள். பிளாண்டோடு போன கிட்டாரிஸ்ட் ஜஸ்டின் ஆடம்ஸ் அதற்கு முன்பே தினாரிவென் என்ற துவாரக் இசைக்குழுவின் ஆல்பம் ஒன்றைத் தயாரித்தவர். அந்த ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் நான் தினாரிவென்னுக்கும், அங்கிருந்து மாலியின் கிட்டாரிஸ்ட் அலி ஃபார்க்கா தூரேவுக்கும் போய்ச் சேர்ந்தேன். இதற்காகவே பிளாண்டுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். 2012-இல் வடக்கு மாலியை ஆயுதக் குழுக்கள் பிடித்தபின் அந்த விழாவே நின்றுபோனது.

வெள்ளைக்காரர் வயதான காலத்தில் திடீரென்று ஆப்பிரிக்கா பக்கம் போனார் என்று நினைக்க வேண்டாம். 1972-இலேயே பேஜும் இவரும் பம்பாய் ஸ்டூடியோவில் நம் ஊர் வாத்தியக்காரர்களை வைத்து 'ஃப்ரெண்ட்ஸ்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' இரண்டையும் மறுபடி பதிவு செய்தார்கள். 2015-இல்தான் அது முறையாக வெளிவந்தது. தபேலாவும் வயலினும் கேட்கும். 1994-இல் எகிப்திய வாத்தியக்காரர்களோடு வாசித்ததும் மொராக்கோ போனதும் அதே வழியில்தான்.

ஊர்சுற்றி:

தாரைதப்பட்டை, பம்பாய்ப் பதிவைக் கேட்டதில்லை, இன்றைக்கே தேடுகிறேன்.

இனிமேல் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று. இந்தத் தொகுப்பு 2003-இல் நின்றுவிடுகிறது. அமெரிக்கப் பாடகி அலிசன் கிராஸோடு 2007-இல் செய்த 'ரெய்சிங் சாண்ட்' இதற்கு அப்புறம் வந்தது, அதற்குத்தான் 2009-இல் ஐந்து கிராமி விருதுகள். அது வேண்டுமானால் தனியாகத்தான் கேட்க வேண்டும். 2020-இல் 'டிக்கிங் டீப்' என்று 30 பாட்டுகளோடு இன்னொரு தொகுப்பும் வந்திருக்கிறது. பழைய டேப் கேட்கிற 'இன் தி மூட்' அதில் உண்டு. 1960-களின் பதிவுகள் மட்டும் அதில் கிடையாது.