காந்தப் பாய் வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, 15 வருஷமாகச் சர்க்கரை. கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் வலிக்கிறது, பாதம் ஜில்லென்று இருக்கிறது. இலவச முகாமில் ஒருவர் காந்தப் பாயில் படுத்தால் ரத்த ஓட்டம் கூடும் என்று சொல்லி 38,000 ரூபாய் கேட்கிறார். ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே, காந்தம் இழுக்குமாம். வாங்கலாமா?

பதில் 1: அந்த இரும்பு ஆணி இரும்பு மாதிரி இல்லைங்க. 3 டெஸ்லா (காந்த பலத்தின் அளவு) என்ற மிகப் பலமான காந்தம் உள்ள எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் படுப்பவருக்கே ரத்தம் ஒரு பக்கம் இழுபடுவதில்லை, பாய்க் காந்தம் என்ன செய்துவிடும்?

பதில் 2: மின்சாரத்தால் விட்டுவிட்டுக் காந்தப்புலம் செலுத்தும் துடிப்புக் காந்தப்புலச் சிகிச்சை வேறு. ஒன்றுசேராத எலும்பு முறிவுக்கு அமெரிக்காவில் 1979லேயே அனுமதி கிடைத்தது. ஆனால் அது எலும்புக்கு, அடைத்த ரத்தக்குழாயைத் திறக்க அல்ல. பேஸ்மேக்கர் இருந்தால் பக்கத்திலேயே போகக்கூடாது.

பதில் 3: நடந்தால் வலி, நின்றால் சரியாகிறது என்றால் கால் தமனி அடைப்பாக இருக்கலாம். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடுவார்கள், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். முதலில் டாக்டரிடம் போங்கள். பாதத்தில் புண் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

கேட்டவர்: சரி, நாளைக்கே கூட்டிப்போகிறேன். முன்பணம் 2,000 கொடுத்துவிட்டேன், அதுதான் வயிற்றெரிச்சல்.